அஞ்சாங்கல்லை மறக்காத கை

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், "சின்ன வயசுல அஞ்சாங்கல் ஆடினது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மறந்து எத்தனையோ காலமாச்சு" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அதே அம்மாவின் கையில் ஐந்து கூழாங்கற்களை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கற்களை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். "இது கனமா இருக்கு, ஆகாது" என்று ஒன்றை ஒதுக்குவார். ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்காருவார். அடுத்த நிமிடம் ஒரு கல் மேலே போகும். அது இறங்குவதற்குள் தரையில் கிடந்த இன்னொரு கல் கைக்குள் வந்திருக்கும். இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ வாய் தானாகப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கும். மறந்துவிட்டது என்று சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அவர் தேடிய இடத்தில் அந்த ஆட்டம் இல்லை. வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்தது.

நினைவு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது மூளையில் பல இடங்களில், பல விதங்களில் தங்குகிறது. இதைத் தெளிவாகக் காட்டியது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கை. தீராத வலிப்பு நோய்க்காக 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரை மறுபடி பார்த்தால் புதியவர்போல வரவேற்பார். சிறுவயது நிகழ்வுகளை மட்டும் சொல்லுவார்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, தாளில் உள்ள நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். திசை மாறித் தெரிவதால் யாருக்குமே முதலில் கை தடுமாறும். மொலைசன் மூன்று நாள் இதைச் செய்தார். ஒவ்வொரு நாளும் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் முந்தைய நாள் இதைச் செய்தோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியாமலே. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்ய ஹிப்போகேம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்கு அது கட்டாயமில்லை என்று இதிலிருந்து புரிந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளும், பின்புறம் உள்ள சிறுமூளையும்தான் கைப்பழக்கத்தின் இருப்பிடம். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸ் ஒன்று. சிறுமூளையை அது எளிதில் நெருங்குவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத ஒருவர் பம்பரத்தில் சாட்டையைச் சரியாகச் சுற்றுவதற்கு இதுவே காரணம்.

அஞ்சாங்கல்லில் கை கற்றுக்கொள்வது சாமானியமான பாடம் இல்லை. ஒன்றரை அடி உயரத்துக்குத் தூக்கிப் போட்ட கல் மேலே போய்த் திரும்பி வர சுமார் 0.6 விநாடி ஆகும். அதற்குள் கண் தரைக்குப் போக வேண்டும், விரல்கள் இன்னொரு கல்லை அள்ள வேண்டும், கை திரும்பி வந்து இறங்கும் கல்லை ஏந்த வேண்டும். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்ல மட்டுமே 0.2 விநாடி போய்விடும். ஆகவே கல்லைப் பார்த்துப் பார்த்துப் பிடிப்பது நடக்காத காரியம். அது எங்கே, எப்போது வந்து விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட வேண்டும். புவியீர்ப்பு விசையை வகுப்பில் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எட்டு வயதுச் சிறுமியின் கைக்கு அது தெரிந்திருக்கிறது.

இது அலங்காரப் பேச்சு இல்லை. 1998ஆம் ஆண்டு கொலம்பியா விண்கலத்தில் நியூரோலேப் என்ற ஆய்வுப் பயணம் சென்றது. எடையற்ற நிலையில், மேலிருந்து தங்களை நோக்கி வரும் பந்தை விண்வெளி வீரர்கள் பிடித்தார்கள். அங்கே பந்து ஒரே சீரான வேகத்தில்தான் வரும்; தரையில் விழும் பொருளைப்போல வேகம் கூடாது. ஆனால் வீரர்களின் கைத்தசைகள் தேவைக்கு முன்பே இறுகின. கண்ணெதிரே பந்து சீராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தும், வேகம் கூடத்தான் போகிறது என்று அவர்களுடைய மூளை நம்பியது. பூமியில் எத்தனையோ ஆண்டுகள் பந்து பிடித்துப் பழகிய கணக்கு அது. விண்வெளியில் சில நாள் இருந்த பிறகும் அந்த நம்பிக்கை முழுதாக விலகவில்லை. திண்ணையில் கல் பிடித்துப் பழகிய கைக்கும் அதே கணக்குதான். வயதானால் விரல் தாமதமாகும், மூட்டு வலிக்கும், கல் நழுவும். கணக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தப் பாட்டுக்கு வருவோம். ஒன்றாம் கட்டைக்கு ஒரு வரி, இரண்டாம் கட்டைக்கு ஒரு வரி என்று கல்லோடு சேர்ந்தே வளரும் பாட்டுகள் ஊருக்கு ஊர் உண்டு. எழுதி வைத்து யாரும் மனப்பாடம் செய்யவில்லை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட நூலில், வாய்மொழிக் காவியங்கள், கதைப்பாடல்கள் இவற்றோடு, சிறுவர்கள் ஆட்டத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எண்ணுப்பாட்டுகளையும் சமமாக வைத்து ஆராய்ந்தார். அவர் கண்டது இது: பாட்டில் அடுத்த சொல் என்ன என்பதைப் பொருள் ஒரு பக்கம் நெருக்குகிறது, ஒலி இன்னொரு பக்கம் நெருக்குகிறது, தாளம் மூன்றாவது பக்கம் நெருக்குகிறது. மூன்றுக்கும் பொருந்தும் சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் தவறிப்போக இடமில்லை. எதுகையும் மோனையும் தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆட்டப் பாட்டுகளில் நான்காவதாக ஒரு நெருக்கடியும் உண்டு. கல் மேலே இருக்கும் நேரத்துக்குள் வரி முடிய வேண்டும். சடுகுடுவில் மூச்சு முடிவதற்குள் பாடித் திரும்ப வேண்டும். உடம்பே தாளம் போடுவதால் பாட்டு உடம்பில் தங்குகிறது. "பாட்டை மட்டும் சொல்லுங்க" என்றால் பாதியில் திக்கி நிற்பவர்கள் கல்லைக் கையில் எடுத்ததும் தங்குதடையின்றிப் பாடுவது இதனால்தான்.

கையில் எடுத்த கல்லைப்போலவே, முதல் மழை விழுந்த மண்ணின் மணமும் பழைய நினைவுகளைக் கிளப்பும். அந்த மணத்துக்குப் பெரும் காரணம், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற நடுநிலையம் வழியாகச் சென்ற பிறகுதான் மூளையின் பிற பகுதிகளை அடைகின்றன. மணம் அந்த நிலையத்தில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளை நேரடியாகத் தொடுகிறது. சுவீடனில் யோஹான் வில்லாண்டர், மரியா லார்சன் என்ற இருவர் 65 முதல் 80 வயது வரையுள்ள முதியவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். சிலருக்குச் சொற்களைக் காட்டினார்கள், சிலருக்குப் படங்களை, சிலருக்கு மணங்களை. சொல்லும் படமும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலானவை. மணம் கிளப்பியவை பத்து வயதுக்கு முந்தையவை. புளியங்கொட்டையை உரசிச் சூடு வைத்தது, நொண்டியாட்டத்துக்குக் கட்டம் போட்டது, பச்சைக்குதிரை தாண்டி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது எல்லாம் அந்த வயதில்தானே?

பத்துக்குப் பிறகு வரும் நினைவுகளுக்கு வேறொரு கதை. நாற்பதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொல்லி, அவை எந்த வயதில் நடந்தவை என்று குறித்தால், பத்துக்கும் முப்பதுக்கும் இடையே ஒரு மேடு தெரியும். ரூபினும் அவரது கூட்டாளிகளும் 1986இல் இதைத் தொகுத்துக் காட்டினார்கள். அந்த வயதில் பலவும் முதல்முறை நடக்கின்றன. 'நான் இன்னார்' என்ற எண்ணம் அப்போதுதான் உருவாகிறது. இரண்டும் சேர்ந்தே அந்த மேட்டை உண்டாக்குகின்றன என்று பலர் கருதுகிறார்கள். விளையாட்டில் இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. எல்லாக் காலத்துக்கும் சிறந்த கால்பந்து வீரர்கள் யார் யார் என்று ரூபினும் ஸ்டீவ் யான்சன், மார்ட்டின் கான்வே ஆகியோரும் கேட்டு 2012இல் எழுதினார்கள். ஒருவர் பெலே என்றார், ஒருவர் கிரைஃப் என்றார், ஒருவர் மரடோனா என்றார். அந்த வீரர் தன் ஆட்ட வாழ்வின் நடுப்பகுதியில் இருந்தபோது பதில் சொன்னவருக்கு என்ன வயது என்று பார்த்தால், பெரும்பாலும் 17ஐ ஒட்டியே இருந்தது. கவாஸ்கரா, டெண்டுல்கரா, கோலியா என்று நம் வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் அப்பாவும் பேரனும் போடும் சண்டையிலும் பாதிக்கு மேல் பேசுவது அவரவருடைய பதினேழு வயதுதான்.

பள்ளி விளையாட்டு விழா அந்த மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறது. சுண்ணாம்புக் கோடு, சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழக் கரண்டி, வளையப்பந்து, பூப்பந்து, கழுத்தில் விசில் தொங்கவிட்ட பி.டி. வாத்தியார். இந்த வாத்தியார்கள் தமிழ்ப் பள்ளிகளுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதையும் ஓர் ஆசிரியத் தொழிலாக இந்த மண்ணில் நிலைநாட்டியதில் அந்தக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. எத்தனையோ ஊர் மைதானங்களின் நினைவில் அதன் சாயல் இருக்கிறது.

விழா நாளில் கோட்டில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அந்தப் படபடப்பு அட்ரினலின் என்ற சுரப்பின் வேலை. அந்தச் சுரப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அமிக்டலா என்ற உணர்ச்சிப் பகுதி வழியாக, 'இதை நன்றாகப் பதிந்துகொள்' என்று மூளைக்குச் சொல்கிறது. லாரி கஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் 1994இல் இதைச் சோதித்தார்கள். படங்களோடு ஒரு கதை சொன்னார்கள். நடுவில் மனதை உலுக்கும் ஒரு விபத்து வரும். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த நடுப்பகுதிதான் எல்லோருக்கும் நன்றாக நினைவிருந்தது. அட்ரினலின் செயலைத் தடுக்கும் மாத்திரையைக் கதைக்கு முன்பே சாப்பிட்டவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் அழுத்தம் இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் பக்கத்துக் கோட்டில் ஓடியவரின் கால்சட்டை நிறம் அறுபது ஆண்டு கழித்தும் கண்ணில் நிற்கிறது. அதே மாதம் படித்த பாடத்தின் பெயர்கூட நினைவில் இல்லை. அதற்குக் காரணம் இந்தச் சுரப்புதான்.

நினைவில் நிற்பவற்றில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது விதிகள். முதியவர்களிடம் கோலி விளையாட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால், யார் ஜெயித்தார் என்பதைவிட எது செல்லும், எது செல்லாது என்பதைத்தான் ஆவேசமாகச் சொல்வார்கள். 'எங்க தெருவுல முழங்கையால தள்ளணும்', 'குழியில விழுந்தா இன்னொரு ஆட்டம் உண்டு', 'அது போங்கு ஆட்டம்'. சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே இதே கோலியை வைத்துத்தான் குழந்தைகளுக்கு நியாய உணர்வு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார். 1932இல் வெளிவந்த அந்த நூலுக்காக அவர் ஜெனீவா, நூஷத்தேல் சிறுவர்களோடு உட்கார்ந்து, விதி தெரியாதவர்போல நடித்து, சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சிறு குழந்தைகள் விதி வானத்திலிருந்து வந்ததுபோல, மாற்றவே கூடாதது என்றார்கள். பத்து வயதுக்கு மேல் ஆனவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் விதிகளை வகுப்பதும் வாதாடுவதும் ஆட்டத்தைவிடப் பெரிய இன்பமாகிவிடுகிறது. பெரியவர் யாரும் சொல்லாமல், எழுத்தில் எதுவும் இல்லாமல், தங்களுக்குள் பேசி ஒரு சட்டத்தை உண்டாக்கிய முதல் அனுபவம் அது. ஒருவர் தன் வாழ்வில் பல ஆண்டுகள் அலுவலகத்தில் கையெழுத்திட்ட சுற்றறிக்கைகளை மறந்துவிட்டு, ஒன்பது வயதில் ஏற்றுக்கொண்ட கோலிச் சட்டத்தை மறக்காமல் இருப்பது எனக்கு வியப்பாகத் தெரியவில்லை.

அந்தச் சட்டங்களின் நுட்பத்தைப் பாருங்கள். கட்சி பிரிக்க 'உத்தி' என்று ஒரு முறை உண்டு. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போவார்கள். ஒருவர் சூரியன், ஒருவர் சந்திரன் என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, கட்சித் தலைவர்களிடம் எது வேண்டும் என்று கேட்பார்கள். தலைவர் எதைக் கேட்டாலும் யார் வருவார் என்று அவருக்குத் தெரியாது. எல்லா இணைகளும் இப்படிப் பிரிந்தால் இரு கட்சிகளும் பலத்தில் சமமாக இருக்கும், யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. மருந்து ஆய்வுகளில் ஒத்த நோயாளிகளை இணை சேர்த்து, எந்தப் பிரிவுக்கு எவர் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்யும் முறை இதுவேதான். ஒத்தவற்றை ஒன்றுசேர்த்துக் குலுக்கலில் பிரிக்கும் தத்துவத்தை ரொனால்ட் ஃபிஷர் 1935இல் தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். நம் தெருப் பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே அதைச் செய்து வந்தார்கள். ஓட முடியாத சின்னப் பிள்ளை அழுதால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை எல்லோரோடும் ஓடும், யாரிடமும் அவுட் ஆகாது. இவற்றையெல்லாம் தேவநேயப் பாவாணர் பொருட்படுத்தி, தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கீழடி அகழாய்வில் கிடைத்த வட்டச் சில்லுகளையும் பகடைக்காயையும் பார்க்கும்போது, அந்தச் சில்லுக்கும் ஒரு சண்டையும் ஒரு சட்டமும் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கூட ஆடியவர்களின் முகங்களும் எளிதில் மறையாது. அமெரிக்காவில் ஹாரி பாரிக் 392 பேரிடம் பள்ளித் தோழர்களின் பழைய படங்களைக் காட்டிச் சோதித்து 1975இல் எழுதினார். பள்ளியை விட்டு 35 ஆண்டு ஆனவர்கள்கூடப் பத்துக்கு ஒன்பது முகங்களை அடையாளம் கண்டார்கள். பெயரைத் தானாக நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. குழுப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவரைப் பார்த்து "இவனை நல்லாத் தெரியும், பேருதான்..." என்று தவிக்கும் எவரும் அஞ்ச வேண்டாம். அது நோயின் அறிகுறி இல்லை.

இனி, இந்த நினைவுகளின் இனிமையைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவு என்பது பதிவுசெய்த படத்தை ஓட்டுவதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932லேயே சொன்னார். கட்டும்போது கசப்பு குறைகிறது. ஒரு நிகழ்வைப் பற்றிய வருத்தம் அதன் மகிழ்ச்சியைவிட வேகமாக மங்குகிறது என்று ரிச்சர்ட் வாக்கரும் அவரது கூட்டாளிகளும் 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். தோற்ற அவமானம் மங்கிவிடும், ஓடிய வேகம் மிஞ்சும். மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது, இதில் தவறில்லை. ஆனால் "அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடினோம்" என்று யாராவது சொல்லும்போது, அதை வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தெருவிலும் ஆட முடிந்ததில்லை. எந்தத் தெருவில் கால் வைக்கலாம், யாரைத் தொட்டுப் பிடிக்கலாம் என்பதைச் சாதி முடிவுசெய்த ஊர்கள் ஏராளம். ஆட்டத்தை விளிம்பில் நின்று பார்த்த பிள்ளையின் நினைவும் ஆட்ட நினைவுதான். அவரிடமும் கேட்க வேண்டும்.

பெண்களிடம் கேட்கும்போது இன்னொன்று தெரியவரும். பெரும்பாலான ஆண்களின் ஆட்ட நினைவு மெல்ல மெல்லத் தேய்ந்து முடிகிறது. படிப்பு, வேலை என்று எப்போது நின்றது என்றே அவர்களுக்குத் தெரியாது. பல பெண்களுக்கோ அது ஒரு தேதியில் நின்றது. பெரியவளானதும் தெருவில் ஓடுவது நின்றது, பச்சைக்குதிரையும் கிட்டிப்புள்ளும் நின்றன, கொக்கோ அணியிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. திண்ணைக்குள் ஆடக்கூடிய பல்லாங்குழியும் தாயமும் அஞ்சாங்கல்லும்தான் மிஞ்சின. எழுபது வயதுப் பெண்கள் இந்த மூன்று ஆட்டங்களில் காட்டும் அசாத்தியக் கைத்திறனுக்கு அதிகப் பயிற்சி ஒரு காரணம். அந்தப் பயிற்சி எப்படி வாய்த்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஓட்டத்தில் முதலாவதாக வந்து, அடுத்த ஆண்டு ஓட முடியாமல் போனவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த ஓட்டத்தை விவரிக்கும்போது குரலில் வருவது வெறும் இனிமை இல்லை.

இப்படி ஏங்குவதையே ஒருகாலத்தில் வியாதி என்றார்கள். பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் எழுதிய ஆய்வேட்டில், ஊரை விட்டுப் பிரிந்தவர்களின் ஏக்கத்தை உடலை அரிக்கும் நோயாக விவரித்தார். முதியவர்கள் பழங்கதை பேசுவதையும் மூளை தளர்வதன் அறிகுறி என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரை அதைத் திருப்பிப்போட்டது. வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குச் சரிபார்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்றார் அவர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வில்ட்ஷட்டும் கான்ஸ்டன்டைன் செடிகிடெஸும் 2006 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளின்படி, பழைய நாள்களை நினைத்து ஏங்குபவர் தனிமையைத் தாங்க அந்த ஏக்கமே உதவுகிறது. அந்த நினைவுகளில் அவர் தனியாக இருப்பது அரிது. பெரும்பாலும் பிறர் சூழத்தான் இருப்பார்.

இதை மருந்தாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. மறதி நோய் உள்ளவர்களோடு பழம்பொருள்களையும் படங்களையும் வைத்துப் பேசும் முறை பற்றி 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று வந்தது. 22 ஆய்வுகளை அலசி, வாழ்க்கைத் தரத்திலும் பேச்சிலும் அறிவுத்திறனிலும் சிறிய நன்மை உண்டு, அதுவும் முறைக்கு முறை, இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அது முடிவுகூறியது. நோயை இது குணப்படுத்தாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ஸ்காட்லாந்தில் பழைய கால்பந்துப் படங்களை வைத்து முதியவர்களைக் கூட்டிப் பேசவைக்கும் திட்டத்தை அல்சைமர் நலச் சங்கமும் கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்துகின்றன. நம் ஊர் முதியோர் இல்லங்களில் கல்லும் சோழியும் பல்லாங்குழியும் வாங்கிவைக்க எவ்வளவு செலவாகும்? தொலைக்காட்சிப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

வீட்டில் செய்வதானால், நினைவிருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். மறதி உள்ளவருக்கு அது பரீட்சை. "எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்று பியாஜேபோலக் கேட்க வேண்டும். தவறாக ஆடுங்கள், உடனே திருத்துவார்கள். வேறு ஊரைச் சேர்ந்த சம்பந்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட இருந்தால் இன்னும் நல்லது. "எங்க ஊருல அப்படி இல்ல" என்று அவர் ஆரம்பிப்பார். இருவருக்குமே மறந்துபோன விதிகள் அந்த வாக்குவாதத்தில் வெளியே வரும்.

கைபேசியில் பதிவுசெய்கிறவர்கள் பெரும்பாலும் முகத்தைப் படம்பிடிக்கிறார்கள். ஒரு கைபேசியாவது கையைப் பார்க்கட்டும். கல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, நான்கு கல்லையும் சேர்த்து அள்ளும்போது சுண்டுவிரல் எங்கே போகிறது, பம்பரத்தை விடும் கணத்தில் கயிற்றை எந்த விரல் பின்னுக்கு இழுக்கிறது என்பதை ஆடுகிறவராலேயே வாயால் சொல்ல முடியாது. சொல்லச் சொன்னால் தவறாகவும் சொல்வார். பாட்டையும் ஆடும்போதே பதியுங்கள், தனியாக உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். கூடவே ஊர், தெரு, ஆடிய மாதம், எத்தனை வயதில் தொடங்கியது, எப்போது, யார் சொல்லி நின்றது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.